தனித்தார் அடுக்களை

(தில்லியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியமும் இசையும் முழங்கவேண்டிய ஆண்டு விழா மேடையில் புளியைப் பற்றியும் மிளகைப் பற்றியும் பேசுவதா என்று சிலருக்கு நகைப்புத் தோன்றலாம். இப்பொருளைத் தந்தவர்கள் விழாக் குழுவினர். பழி அவர்களையே சாரும். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது இந்நகரில் தன்னந்தனியே ஒரு வீட்டுக்குள் அடைபட்டு, தாமே சமைத்துத் தாமே உண்டு நாள் கழித்த உறுப்பினர்களின் சார்பில் பேசுமாறு பணித்தார்கள். ஆகவே இவ்வுரையில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் அத்தனித்தாரையே குறிக்கும். இது ஒருவர் அனுபவமன்று. பலரும் தம்முள் பேசித் திரட்டியது.

அந்நாட்களை நினைவூட்டச் சில தேதிகள் போதும். 2020 மார்ச்சு 22, ஞாயிற்றுக்கிழமை, நாடெங்கும் ஒரு நாள் மக்கள் ஊரடங்கு. மார்ச்சு 25 முதல் 21 நாட்களுக்கு முழு அடைப்பு. அது மே 3 வரை, மே 17 வரை, மே 31 வரை என்று மும்முறை நீண்டது. பயணிகள் இரயில் மார்ச்சு 22 நள்ளிரவோடு நின்றது. பொதுமக்களுக்கான சிறப்பு வண்டிகள் புது தில்லியிலிருந்து மீண்டும் புறப்பட்டது மே 12-இல்தான். தாயைக் காணத் தஞ்சைக்குச் சென்ற மனைவி அங்கேயே தங்கிவிட, இங்கே தனித்துப்போன கணவர். உடனுறைந்த தோழர்கள் ஊர் திரும்பிய பின் அறையில் எஞ்சிய மாணவர். மருத்துவமனையில் பணிமுறை முடித்துப் பதினான்கு நாள் ஒதுங்கியிருந்த செவிலியர். பிள்ளைகள் கடல் கடந்து வாழ, மூன்றாம் மாடியில் தனியே வாழும் ஓய்வுபெற்ற பெரியவர்: இவர்களே நாங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மார்ச்சு 28 அன்று ஆனந்த விகார் பேருந்து நிலையத்தில் ஊர் செல்ல வழி தேடி ஆயிரக்கணக்கான தொழிலாளர் திரண்டனர். நூற்றுக்கணக்கான மைல்களை நடந்தே கடக்கத் துணிந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களுக்கு அடுப்பும் இல்லை, கூலியும் இல்லை. சலிப்படைவதற்கு ஓய்வும் இல்லை. தில்லி அரசு பள்ளிக்கூடங்களில் உணவு வழங்கிற்று. குருத்துவாராக்களின் லங்கர் அடுப்புகள் ஓயாமல் எரிந்தன. சாத்திக்கொள்ள ஒரு கதவும், அரிசி நிறைந்த டப்பாவும், எங்கிருந்தோ மாதந்தோறும் வந்து சேரும் பணமும் உடையவர்க்கே பொழுது போகாமை என்னும் துன்பம் வாய்த்தது. அத்துன்பம் சிறியது. ஆயினும் துன்பமே; அதனை இல்லையென்று மறைப்பதும் பொய்யாகும்.

பொழுது போகவில்லை என்பது நம் பேச்சு வழக்கு. எத்துணைப் பொருத்தமான வழக்கு அது! விடைபெற மனமின்றித் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும் விருந்தாளியைப் போல, அந்நாட்களில் பொழுது எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை. வேலை இல்லாமை இதற்குக் காரணமன்று. எங்களுட் பலர்க்குக் கணிப்பொறியின் வழியே அலுவலகம் நாள்தோறும் நடந்தது. பார்க்கத் திரைப்படமும் படிக்க நூலும் குறைவின்றி இருந்தன. குறைந்தது வேறொன்று. நாளுக்கும் நாளுக்கும் வேற்றுமை இல்லாது போயிற்று. திங்களும் சனியும் ஒரே முகம் காட்டின. நேற்று என்ன செய்தோம் என்று எண்ணினால் முந்தாநாள் செய்ததே நினைவுக்கு வந்தது.

இந்நிலையில் கிழமைகளை எங்களுக்கு மீட்டுத் தந்தது இட்லி மாவு.

வெள்ளி இரவு அரிசியும் உளுந்தும் ஊறும். சனி காலை அரைப்பு. கிரைண்டர் உடையவர் சிலரே. ஏனையோர்க்கு மிக்ஸிதான் கதி. கிரைண்டரில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போதும். மிக்ஸியில் உளுந்து அத்துணை பொங்காது, ஆகலின் மூன்றுக்கு ஒன்று. மிக்ஸி சூடேறினால் மாவும் சூடேறும் என்பதால் குளிர்ந்த நீர் தெளித்து, நிறுத்தி நிறுத்தி அரைக்கவேண்டும். ஞாயிறு காலை இட்லி. திங்களும் செவ்வாயும் தோசை. புதனன்று மாவு சற்றுப் புளித்துவிடும். வெங்காயம் தூவி ஊத்தப்பம். வியாழனன்று அடியில் எஞ்சியதில் பச்சைமிளகாயும் கடுகும் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். வெள்ளி இரவு மறுபடியும் அரிசியும் உளுந்தும் ஊறும். சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கிழிக்க மறந்தவர்களும் மாவின் புளிப்பைக் கொண்டு கிழமை சொன்னார்கள்.

மாவுக்கு வேறொரு பெருமையும் உண்டு. அது நாளையை வேண்டி நிற்பது. இன்று ஊறப்போட்டவன் நாளை அரைத்தாகவேண்டும். அரைத்தவன் மறுநாள் விழித்ததும் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தாகவேண்டும். உளுந்தோடும் அரிசியோடும் வந்த நுண்ணுயிர்கள் இரவெல்லாம் உழைத்துப் புளிப்பையும் வளியையும் உண்டாக்க, மாவு பொங்குகிறது. வேறு எவரும் இல்லாத வீட்டில், நாம் உறங்கும்போது விழித்திருந்து வேலை செய்த உயிர்கள் அவை மட்டுமே! தில்லிக் குளிரில் ரஜாயால் போர்த்தி வைத்தாலும் அவை எளிதில் எழா. மே மாத வெயிலிலோ ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும். மார்ச்சில் தொடங்கி மேயில் முடிந்த அந்த அடைப்பில், பருவம் மாறுவதை வெளியே சென்று காண இயலாத நாங்கள், மாவு பொங்கும் நேரம் வாரத்துக்கு வாரம் குறைவதைக் கொண்டு கண்டோம்.

இனி, சற்று நெருடலான ஒரு செய்திக்கு வருகின்றோம். தனியே உண்பவரைத் தமிழ்ச் சான்றோர் மதித்ததில்லை. அமிழ்தமே கிடைப்பினும் அதனைத் தனித்து உண்ணாதவர்களால்தான் இவ்வுலகம் நிலைத்திருக்கிறது என்ற கருத்தைப் புறநானூற்றில் பாடினான் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. வள்ளுவரோ, திரட்டிய உணவைத் தாமே தனித்து உண்ணுதல் இரப்பதைக் காட்டிலும் கொடியது என்று ஈகை அதிகாரத்தில் இடித்துரைத்தார். விருந்தினரை வெளியே நிறுத்திவைத்து உண்பது, சாவா மருந்தேயாயினும் தகாது என்பதும் அவர் வாக்கே. 2020-இல் அரசாணை இதற்கு நேர்மாறாக அமைந்தது. விருந்தைப் புறத்தே நிறுத்துவதே அறமாயிற்று. தமியராய் உண்பதே பிறர்க்குச் செய்யும் உதவியாயிற்று. ஈராயிரம் ஆண்டுகளாக விருந்துக்கென்றே உலை வைத்துப் பழகிய இனம், தன் ஒருவன் வயிற்றுக்கு மட்டும் உலை வைக்கும்போது கை கூசுகிறது. 'நமக்கு மட்டுந்தானே, ரொட்டியும் ஊறுகாயும் போதாதா?' என்று மனம் சொல்கிறது. தனியே வாழும் முதியோர் பலர் உடல் நலியும் காரணம் வறுமையன்று, இந்த 'எனக்கு மட்டுந்தானே' என்னும் சொல்லே என்பது எங்கள் துணிபு.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் காட்டும் இளம் மனைவியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். காந்தள் போன்ற விரலால் முற்றிய தயிரைப் பிசைகிறாள். கண்ணில் தாளிப்பின் புகை. தான் துழாவிச் சமைத்த புளிப்பாகனைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுண்ணியதாக மலர்கிறது. அந்த ஒரு சொல்லே அவள் பெற்ற கூலி. தனித்தார் அடுக்களையில் அச்சொல்லைச் சொல்ல எவர் உளர்? கைப்பேசியில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினோம். 'பார்க்க நன்றாக இருக்கிறது' என்று மறுமொழி வந்தது. பார்க்கத்தான்! சமைத்தவரே தட்டின்முன் உட்கார்ந்து, நன்று என்று தமக்குத் தாமே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டனர். முதல் முறை நாணமாக இருந்ததாகவும், பின்னர் பழகிவிட்டதாகவும் அப்பெரியவர் சொன்னார்.

ஆயினும் பழங்கதைகளில் எங்களுக்கு ஆறுதல் இல்லாமற் போகவில்லை. நம் நாட்டில் சமையலுக்குப் பெயர்போன ஆடவர் இருவர்: ஒருவன் நளன், மற்றவன் வீமன். நளபாகம் என்றும் வீமபாகம் என்றும் வழங்குகின்றோம். இருவரும் அடுக்களை புகுந்தது எப்போது? அரசும் மனைவியும் பிரிந்த நளன், உருமாறி வாகுகன் என்னும் பெயரோடு அயோத்தியில் மறைந்திருந்த காலத்தில்; வீமன், தலைமறைவு வாழ்வின் ஓராண்டில் விராடன் மடைப்பள்ளியில். வெளியே முகம் காட்ட இயலாத காலத்தைக் கரண்டி பிடித்துக் கடந்தவர்கள் அவர்கள். நளன் சமைத்த உணவின் சுவையைக் கொண்டே தமயந்தி அவனை இன்னான் என்று தெளிந்தாள் என்கிறது பாரதம்.

ஒருவர்க்குச் சமைப்பது எளிதென்று எண்ணுவோர் உண்டு. ஐம்பது பேர்க்குச் சாம்பார் வைக்கும் கைகளும் ஒருவர்க்கு வைக்கத் தடுமாறும். சமையல் நூல்களும் தாய்மார்களின் கைக்கணக்கும் நால்வர்க்குக் குறையாத குடும்பத்துக்கே அமைந்தவை. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்னும் நூல், ஊரைவிட்டுச் சென்ற எத்தனையோ தமிழர் பெட்டிகளில் இடம்பெற்ற நூல். அதன் ஏடுகளை நாங்களும் புரட்டினோம். அளவுகளை வகுத்து வகுத்துக் கணக்கில் தேர்ந்தோம். தொலைபேசியில் தாயைக் கேட்டால், 'புளி ஒரு எலுமிச்சை அளவு' என்பார். அது வீட்டுக்கு. 'ஒருத்தருக்குத்தான் அம்மா' என்றால் நெல்லிக்காய்க்கு இறங்குவார். 'ஒரு வேளைக்கு' என்றால் சுண்டைக்காயில் வந்து நிற்பார். கனிகளையும் காய்களையும் கொண்டே அளவு சொல்லும் இந்த வாய்பாட்டுக்கு ஈடாக எந்தத் தராசும் எங்களுக்கு உதவவில்லை.

அடுத்து, பொருட்கள். புழுங்கலரிசிக்கும் நல்லெண்ணெய்க்கும் ஐ.என்.ஏ. அங்காடிக்கோ கரோல் பாக்குக்கோ சென்று பழகியவர்கள், தெருவில் வரும் தள்ளுவண்டியையே நம்பவேண்டியதாயிற்று. அவ்வண்டியில் டிண்டா வந்தது, பர்வல் வந்தது, சுரையும் பரங்கியும் வந்தன. பல ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்தும் டிண்டாவைத் தொடாதவர்கள் அதில் பாசிப்பருப்பிட்டுக் கூட்டுச் செய்தார்கள். பர்வல் கோவைக்காயின் உறவு என்று கண்டு, எண்ணெயில் வதக்கினார்கள். ஏப்ரல் நடுவில், தெற்குத் தில்லியில் வீடுதோறும் உணவு கொண்டு தரும் பணியாளர் ஒருவர்க்கு நோய் கண்டதாகவும், அதனால் 72 குடும்பங்கள் ஒதுக்கி வைக்கப்பட்டதாகவும் செய்தி வந்தது. அன்றோடு, உணவு விடுதியை நம்பியிருந்த இளைஞர்களும் வாணலியைக் கையில் எடுத்தனர்.

அக்காலத்தில் கொரியாவிலிருந்து கிளம்பி உலகெங்கும் பரவிய ஒரு காப்பியையும் மறப்பதற்கில்லை. காப்பித்தூளும் சர்க்கரையும் வெந்நீரும் சம அளவில் கலந்து நுரை எழ அடித்துப் பாலின்மேல் மிதக்கவிடுவது. டல்கோனா என்று பெயர். எங்கள் அண்டை வீட்டுப் பஞ்சாபியர் இதைக் கேட்டுச் சிரித்தனர். கலக்கி அடித்த காப்பி அவர்கள் வீட்டில் நெடுங்காலமாக உள்ளதுதானே. எங்கள் இளைஞர்கள் கை வலிக்க அடித்துப் பார்த்தனர். பில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாஷனுக்கே இறுதியில் திரும்பினர். பொழுது போக்குவதே நோக்கமென்றால், இறங்கும் டிகாஷனைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மெல்லியதொரு பொழுதுபோக்கு உலகில் உண்டோ!

மே மாதம் வந்ததும் சிலர் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். வடாம் போடும் பருவம் அன்றோ! அம்மாதத்தின் முற்பாதியில் புழுதிப் புயலும் மழையும் மாறிமாறி வந்து எங்களைச் சோதித்தன. பின்னர் வெயில் ஏறிற்று. மே 26 அன்று பாலத்தில் 47.6 பாகை பதிவாயிற்று. ஊரார் அஞ்சி நடுங்கிய அவ்வெப்பத்தை வரவேற்றவர்கள் நாங்கள் சிலரே. விடியுமுன் எழுந்து, பச்சரிசி மாவும் ஜவ்வரிசியும் கூழாகக் காய்ச்சி, பச்சைமிளகாய் விழுதும் பெருங்காயமும் சேர்த்து, ஆறியபின் எலுமிச்சை பிழிந்து, பழைய வேட்டியை விரித்துக் கரண்டி கரண்டியாக இட்டோம். சென்னையில் கடற்காற்றின் ஈரத்தால் வடாம் காய மூன்று நாள் ஆகுமெனில், இங்கே 'லூ' என்னும் வறண்ட காற்று ஒன்றரை நாளில் வேலையை முடித்துவிடும். வண்டிகள் குறைந்த அவ்வாண்டில் வானமும் தெளிந்திருந்தது; வழக்கமாக வந்து படியும் கரும்புழுதி குறைவு. காக்கை ஓட்டக் குடை நிழலில் உட்கார்ந்தவர்கள், எதிர் மாடியிலும் பக்கத்து மாடியிலும் தம்மைப் போல உட்கார்ந்திருந்த முகங்களை முதன்முதலாகக் கண்டார்கள். ஒரே தெருவில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்த இருவர் அறிமுகமானது இவ்வாறே. இடையே முப்பதடி வெளி. உரத்த குரலில் பேச்சு. அந்த அம்மையார் தம் மாடியில் உருளைக்கிழங்கு வற்றல் காயவைத்திருந்தார்.

பொழுது போக்காகத் தொடங்கியது அவ்வாறே நின்றுவிடவில்லை. எங்களுட் சிலரை நோய் பற்றிற்று. கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. தில்லியில் அவ்வழக்கம் 2020 அக்டோபரில் நிறுத்தப்படும் வரை நீடித்தது. மணமும் சுவையும் அறியாமற் போவது இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று என்று மத்திய அரசு ஜூனில் தன் பட்டியலில் சேர்த்தது. எங்களுக்கு அதனைத் தெரிவித்தது பெருங்காய டப்பா. திறந்து முகர்ந்தால் ஒன்றுமில்லை! பெருங்காயம் மணக்காத மூக்கு வேறெதை அறியும்? அந்நாட்களில் செவியாலும் கண்ணாலும் சமைத்தோம். கடுகு வெடிக்கும் ஒலி அடங்கியதும் உளுத்தம்பருப்பு. அது பொன்னிறமானதும் மிளகாய். ரசம் நுரை கூடியதும் இறக்கம். மணம் அறியாத நாவும் மிளகின் உறைப்பை மட்டும் அறிந்தது. ஆகவே மிளகு ரசத்தையே நாள்தோறும் வைத்து, அந்த ஓர் உறைப்பைப் பற்றிக்கொண்டிருந்தோம். ஒரு செவிலியர்க்குப் பதினோராம் நாள் கறிவேப்பிலை மணத்தது. எண்ணெயில் அது பொரிந்த வேளையில் அடுப்பருகே நின்று அழுததாகச் சொன்னார்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் வந்தது. 2021 ஏப்ரல் 19 இரவு 10 மணிக்குத் தில்லி மீண்டும் அடைக்கப்பட்டது. அப்போது நகரம் பட்ட பாட்டை இங்கே விரிக்க வேண்டா. இவ்வவையில் உறவினரை இழக்காதோர் குறைவு. உயிர்வளிக் கலத்துக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் மக்கள் அலைந்தனர். வீட்டுக்கு வீடு குடும்பம் முழுதும் படுத்துக் கிடக்க, கஞ்சி காய்ச்சித் தரவும் ஆளில்லை. இந்நிலையில்தான், முந்தைய ஆண்டில் ஒருவர்க்கு உலை வைக்கக் கற்றவர்கள் பத்துப் பேர்க்கு உலை வைத்தார்கள். எவர் வீட்டில் எத்தனை பேர், எவர்க்குக் காரம் ஆகாது, எவர்க்குச் சர்க்கரை நோய் என்று கைப்பேசியில் பட்டியல் வந்தது. காலை இட்லி, பகல் ரசம் சாதமும் பருப்புத் துவையலும், இரவு கஞ்சி. வடநாட்டு வீடுகளுக்குப் பொங்கலைக் கிச்சடி என்று பெயர் மாற்றி அனுப்பினோம். அவர்கள் கண்டுகொண்டனர், ஆயினும் மறுக்கவில்லை. சோற்றைக் காகிதத்தட்டில் கட்டித் தரலாம். ரசத்துக்கு எவர்சில்வர் தூக்குதான் வேண்டும். வாயிற்படியில் தூக்கை வைத்து, மணியை அழுத்தி, ஒரு மாடி கீழே இறங்கி நின்று, கதவு திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம்.

சில நாட்களில் கதவு திறக்கவில்லை. மறுநாள் சென்றபோது தூக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. அதனை எடுத்துவந்து, வெந்நீரும் சோப்பும் இட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தோம். மாலையில் அதே தூக்கில் வேறொரு வீட்டுக்கு ரசம் சென்றது. அந்தத் தூக்குகளுட் சில இன்றும் நம் சங்கத்து அடுக்களையில் உள்ளன. இன்றைய விழாப் பந்தியிலும் பரிமாறப்படக் காண்பீர்கள்.